தன் கையால் ஒரு வாய் சோறு

2020 நவம்பரில், நவி மும்பையின் தலோஜா சிறையில் இருந்த 83 வயதுப் பாதிரியார் ஸ்டேன் சுவாமி, தண்ணீர் குடிக்க ஒரு ஸ்ட்ராவும் மூடியிட்ட குவளையும் கேட்டு நீதிமன்றத்தில் மனு கொடுத்தார். பார்க்கின்சன் நோயால் கைகள் நடுங்கின. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பதில் சொல்லத் தேசியப் புலனாய்வு முகமை 20 நாள் அவகாசம் கேட்டது. பின்னர் சிறையில் அவை கிடைத்தன என்றாலும், அந்த மனு நாட்டையே உலுக்கியது. அவர் மீதான வழக்கின் சரி தவறு தனி விவாதம். கை ஒத்துழைக்காத ஒருவர் உண்ணவும் குடிக்கவும் என்ன வழி என்ற கேள்வி, அன்று தலைப்புச் செய்தி ஆனது.

2025 ஜூலையில், தமிழ்நாட்டுச் சிறைகள் தொடர்பான வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் விரிவான கட்டளைகளைப் பிறப்பித்தது. மாற்றுத்திறனாளிக் கைதிகளின் தேவைகளைச் சிறையில் சேர்க்கும்போதே கண்டறிய வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. சிறைக்குள் இருப்பவர்களுக்காக நீதிமன்றம் பேசிவிட்டது. சிறைக்கு வெளியே, சொந்த வீட்டின் கூடத்திலும் கட்டிலிலும் தட்டின் முன்னால் கையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காக யார் பேசுவது?

அவர்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் சின்னஞ்சிறு கருவிகள்தாம்: தடித்த பிடி வைத்த ஸ்பூன், உயர்ந்த விளிம்புள்ள தட்டு, உள்ளங்கையில் மாட்டும் ஒரு பட்டை. நம் உணவுக்கும் நம் வீட்டுக்கும் ஏற்றபடி இவற்றை வடிவமைத்து, மருந்து மாத்திரையைப் போலவே அரசு மருத்துவமனை வழியாகக் கொடுக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கோரிக்கை.

நம் வீடுகளிலேயே இருப்பவர்கள்

கை அசைவு குறைவது ஏதோ சிலருக்கு நேரும் அபூர்வத் துயரம் என்று நினைத்துவிடக் கூடாது. பக்கவாதம் வந்தால் பெரும்பாலும் உடலின் ஒரு பக்கம் முழுதும் தளரும். தண்டுவடம் கழுத்துப் பகுதியில் அடிபட்டால் இரண்டு கைகளின் பிடியும் போகலாம். பார்க்கின்சன் நோய் கையை நடுங்க வைக்கும். தசைச்சிதைவு நோயில் தோள் தூக்கும் வலிமை ஆண்டுதோறும் குறையும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு, நினைத்த இடத்துக்குக் கையைக் கொண்டுபோவதே போராட்டம். மூட்டுவாதம் விரல்களை மடங்க விடாது. தொழுநோய் விரல்களின் உணர்ச்சியையே பறித்துவிடும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். 2021-இல் மாநில மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தோர் 13.6 விழுக்காடு என்று மத்திய அரசு மதிப்பிட்டது. கேரளத்துக்கு அடுத்தபடியாக மூப்படைந்துவரும் பெரிய மாநிலம் நம்முடையது. 2022-இல் 64,105 சாலை விபத்துகளுடன் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்ததும் தமிழ்நாடுதான். மூப்பு, பக்கவாதம், விபத்து ஆகிய மூன்றும் கூடும் மாநிலத்தில், தன் கையால் உண்ண முடியாதவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டேதான் போகும்.

நம் மருத்துவம் இவர்களின் உயிரைக் காப்பாற்றுவதில் நன்றாகவே முன்னேறியிருக்கிறது. ஆனால், உயிர் பிழைத்தவர் வீடு திரும்பும்போது அவர் கையில் இருப்பது மருந்துச் சீட்டும் பயிற்சிகள் குறித்த அறிவுரையும்தான். மறுநாள் காலை இட்லியை எப்படிச் சாப்பிடுவது என்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

ஊட்டிவிட்டால் போதாதா?

"வீட்டில் ஆள் இருக்கிறது, ஊட்டிவிட்டால் போகிறது" என்பதுதான் பெரும்பாலான குடும்பங்களின் பதில். அன்பிலிருந்து வரும் பதில்தான். அதன் விலையையும் பார்க்க வேண்டும்.

ஊட்டிவிடப்படுபவரின் பசி, ஊட்டுபவரின் நேரத்துக்குக் காத்திருக்கிறது. மகளோ மருமகளோ வேலைக்குக் கிளம்பும் முன் அவசரமாக ஊட்டிவிட்டுப் போவார். அடுத்த வேளை அவர் திரும்பிய பிறகுதான். தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று "போதும்" சொல்லிப் பாதி வயிற்றோடு நிறுத்திக்கொள்ளும் முதியவர்கள் எத்தனையோ பேர். கழிப்பறைக்கு அழைத்துச்செல்ல ஆள் வேண்டுமே என்று தண்ணீரையும் குறைத்துக்கொள்வார்கள். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, மெலிவு எல்லாம் அதன் பின்னாலேயே வரும்.

ஊட்டும் வேகம் இன்னொரு ஆபத்து. ஒரு வாய் விழுங்கி முடிப்பதற்குள் அடுத்த வாய் வந்தால் புரையேறும். உணவுத் துணுக்கு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். அமெரிக்காவில் சூசன் லாங்மோர் குழுவினர் முதியவர்களிடம் நடத்தி 1998-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த வகை நிமோனியா யாருக்கு வருகிறது என்று தேடியது. விழுங்குவதில் சிரமம் மட்டுமே அதற்குக் காரணம் அல்ல. உண்பதற்குப் பிறரைச் சார்ந்திருப்பதுதான் மிக வலுவான முன்னறிகுறி என்று கண்டது. பிறரைச் சார்ந்திருப்பவர்கள் ஏற்கெனவே நலிந்தவர்கள் என்பதும் இதில் கலந்திருக்கலாம். என்றாலும், தன் வேகத்தில் தானே உண்பது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை, உடல்நலப் பிரச்சினையும்கூட என்பதை அந்த ஆய்வு மருத்துவ உலகத்துக்கு உணர்த்தியது.

மரியாதையும் சின்ன விஷயமா? சாப்பாடு என்பது ஒவ்வொரு வாயிலும் ஒரு முடிவு. குழம்புக்கு அடுத்து ரசமா, இன்னும் கொஞ்சம் குழம்பா? ஊறுகாயை எப்போது தொடுவது? அப்பளத்தை நொறுக்கிப் போடுவதா, கடித்துக்கொள்வதா? ஊட்டப்படுபவர் இந்த முடிவுகள் அனைத்தையும் இழக்கிறார். எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்து, வாய் திறக்கும்போதெல்லாம் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். அறுபது ஆண்டுகள் ஊருக்கே பந்தி பரிமாறியவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

கை செய்யும் வேலைகள்

சாம்பார் சாதம் உண்ணும் கையை ஒருமுறை கவனியுங்கள். விரல்கள் சோற்றைக் கூட்டிப் பிசைந்து கவளமாக்குகின்றன. தோள் கையைத் தாங்குகிறது. முழங்கை மடங்குகிறது. முன்கை திரும்பி உள்ளங்கையை வாய்ப்பக்கம் கொண்டுவருகிறது. கடைசியில் கட்டைவிரல் கவளத்தை வாய்க்குள் தள்ளுகிறது. இதில் எந்தக் கண்ணி அறுந்தது என்பதைப் பொறுத்தே கருவி அமைய வேண்டும்.

விரல்கள் மடங்காவிட்டால் தடித்த, எடை குறைந்த பிடி வேண்டும். பிடியே இல்லாதவருக்கு, உள்ளங்கையைச் சுற்றி மாட்டி அதில் ஸ்பூனைச் செருகும் பட்டை வேண்டும். முன்கை திரும்பாவிட்டால், ஸ்பூனின் கழுத்தை வாய்ப்பக்கமாக வளைத்துவிட்டால் போதும். கை திரும்பாத குறையைக் கருவி தீர்த்துவிடும். ஒரு கை மட்டும் வேலை செய்பவருக்குத் தட்டு நகரக் கூடாது; சோற்றை அணைத்துத் தள்ள ஒரு பக்கம் செங்குத்தான சுவர் வேண்டும். தோளைத் தூக்க முடியாதவருக்குக் கையை அந்தரத்தில் தாங்கும் தாங்கி வேண்டும். கடந்த நூற்றாண்டில் போலியோ தாக்கிய அமெரிக்கர்களுக்காக, சக்கர நாற்காலியில் பொருத்தும் இத்தகைய தாங்கிகள் உருவாயின. கழுத்தைப் பின்னால் சாய்க்க முடியாதவருக்கு, மூக்கு இடிக்காதபடி ஒரு பக்கம் வெட்டிய குவளை வேண்டும்.

ஒருவருக்கு உதவுவது இன்னொருவருக்கு இடைஞ்சல் ஆவதும் உண்டு. கனமான ஸ்பூன் நடுங்கும் கைகள் சிலவற்றுக்கு நிதானம் தரும். தசை வலுவிழந்தவருக்கு அதே கனம் பத்து வாய்க்குள் சோர்வைத் தந்துவிடும். நீண்ட கைப்பிடி வாயை எட்ட உதவும். ஆனால், நீளம் கூடக் கூட மணிக்கட்டின் மேல் பாரம் ஏறும். ஆகவே, ஒரே மாதிரியை ஆயிரக்கணக்கில் வாங்கி முகாம்களில் விநியோகித்தால் பாதி கருவிகள் பரணுக்குத்தான் போகும். ஆளைப் பார்த்து, அவர் உண்பதைப் பார்த்து, பொருத்தித் தர வேண்டும்.

நம் சாப்பாடு வேறு

இணையச் சந்தையில் இன்று கிடைக்கும் கருவிகளில் பல, மேசையில் அமர்ந்து முள்கரண்டியும் கத்தியும் கொண்டு உண்பவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ரசம் சாதம் அவற்றின் கணக்கிலேயே இல்லை.

ஜப்பானியர்கள் இந்த இடத்தில் தெளிவாக இருந்தார்கள். செக்காம் நிறுவனம் 2002-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'மை ஸ்பூன்' என்ற ரோபோ, நான்கு பகுதிகள் கொண்ட அவர்களின் பெந்தோ உணவுத் தட்டை ஒட்டியே வடிவமைக்கப்பட்டது. குச்சிகளால் உண்ணும் பழக்கத்தை விட மனமில்லாதவர்களுக்காக, இரண்டு குச்சிகளையும் மேற்புறத்தில் ஸ்பிரிங்கால் இணைத்த உணவுக்குச்சிகள் அங்கே கடைகளில் கிடைக்கின்றன. உணவை மாற்றிக்கொள் என்று சொல்லாமல் கருவியை மாற்றினார்கள்.

நம் நாட்டிலும் அப்படி ஒரு முன்னோடி உண்டு. வெளிநாட்டுச் செயற்கைக் கால்கள், சம்மணமிட்டு உட்காரவும் குந்தவும் வெறுங்காலில் வயலில் நடக்கவும் உதவவில்லை என்பதை உணர்ந்து, 1960-களின் பிற்பகுதியில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே.சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது ஜெய்ப்பூர் கால். மக்கள் எப்படி வாழ்கிறார்களோ அதற்கேற்பக் கருவி செய்ததால்தான் அது வெற்றி பெற்றது. உண்ணும் கைக்கு அப்படியொரு முயற்சி இன்னும் பெரிய அளவில் நடக்கவில்லை.

நம் வீடுகளை எண்ணிப் பார்த்தால் வடிவமைப்பாளருக்கான கேள்விகள் தாமே வரிசைகட்டும். தரையில் சம்மணமிட்டு உண்பவரின் தட்டுக்கும் வாய்க்கும் இடையிலான தூரம், மேசையில் உண்பவருக்கு இருப்பதைவிட அதிகம். தளர்ந்த கை அதைக் கடக்க வேண்டும். எவர்சில்வர் தட்டு வழவழப்பான தரையில் வழுக்கிக்கொண்டு ஓடும். அதன் விளிம்பு சரிவாக இருப்பதால் தள்ளிய சோறு வெளியே விழும். தட்டையான ஸ்பூனில் ரசம் நிற்காது. குழிந்த ஸ்பூனிலிருந்து சோற்றை இழுத்துக்கொள்ள, தளர்ந்த உதடுகளுக்கு வலிமை போதாது. டம்ளரை உதட்டில் படாமல் உயர்த்தி அண்ணாந்து குடிக்கும் பழக்கத்துக்குத் தோளும் கழுத்தும் ஒருசேர ஒத்துழைக்க வேண்டும்; அதனால், நோய் வந்தவுடன் அதுதான் முதலில் கைவிட்டுப் போகிறது.

கழுவுவதையும் மறக்கக் கூடாது. நம் வீடுகளில் பாத்திரம் தேய்ப்பது கம்பி நார் கொண்டு, அழுத்தி. நுரைப் பிடி ஒரு மாதம் தாங்காது. தண்ணீரைக் குடித்து நாற்றம் எடுக்கும். மஞ்சளும் எண்ணெயும் ஏறும். எனவே, பிடியைத் தனியே கழற்றி வெயிலில் உலர்த்த முடிய வேண்டும். இடுக்குகள் இருக்கக் கூடாது. சூடான குழம்பில் நின்றால் முழுதும் சுடும் எவர்சில்வர் கைப்பிடி, உணர்ச்சி இழந்த விரல்களைப் பொசுக்கிவிடும் என்பதால் பிடி சூடு ஏறாததாக இருக்க வேண்டும்.

இந்தக் கடைசிப் பாடம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே கற்றதுதான். கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1940-களின் இறுதியிலிருந்து வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவைசிகிச்சையால் நிமிர்த்தினார். அவர்களின் விரல்கள் குறைந்துபோவதற்குப் பெரும் காரணம், வலி தெரியாமல் சூட்டிலும் வெட்டிலும் திரும்பத் திரும்பப் படும் காயங்களே என்று அவரும் உடன் பணியாற்றியவர்களும் கண்டறிந்தார்கள். புண் ஆற மருந்து கொடுப்பதோடு நிற்காமல், கையில் பிடிக்கும் பொருள்களையும் மாற்ற வேண்டும் என்ற சிந்தனை இங்கேதான் வேரூன்றியது.

ரோபோ வேண்டாமா?

உயர்ந்த தொழில்நுட்பமும் வேண்டியதுதான். 1987-இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் மைக் டாப்பிங் உருவாக்கிய 'ஹேண்டி 1' ரோபோ, மூளை முடக்குவாதம் கொண்ட ஒரு சிறுவன் தானே உண்ண வேண்டும் என்பதற்காகப் பிறந்தது. சுவீடனில் போலியோவால் பாதிக்கப்பட்ட ஸ்டென் ஹெம்மிங்சன், தன் தேவையிலிருந்தே 'பெஸ்டிக்' என்ற உண்ணும் இயந்திரத்தை உருவாக்கினார். கை நடுக்கத்தை உணர்ந்து எதிர்த்திசையில் அசைந்து ஸ்பூனை நிதானப்படுத்தும் 'லிஃப்ட்வேர்' கருவியை அமெரிக்காவில் அனுபம் பதக் உருவாக்கினார். 2014-இல் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியது.

இவற்றின் விலைதான் தடை. நடுக்கம் தணிக்கும் ஸ்பூனே சுமார் 200 டாலருக்கு விற்றது. உணவூட்டும் ரோபோக்கள் பல லட்சம் ரூபாய். இரண்டு கைகளும் முற்றிலும் செயலிழந்தவர்களுக்கு இயந்திரத்தைத் தவிர வேறு வழி இல்லாமல் போகலாம். அவர்களுக்காக நம் பொறியியல் கல்லூரிகள் மலிவான இயந்திரங்களை உருவாக்கட்டும். ஆனால், கை கொஞ்சமாவது அசையும் பெரும்பாலானோருக்கு மோட்டாரும் மின்கலமும் வேண்டாம். ஒரு வளைவு, ஒரு தடிமன், ஒரு பட்டை போதும். ரோபோ வரும் என்று காத்திருந்து இந்த எளிய உதவியைத் தள்ளிப்போடுவது அநியாயம்.

இடது கை என்ற தடை

கருவியை விடவும் கடினமான தடை நம் மனத்தில் இருக்கிறது. வலப்பக்கம் தளர்ந்த ஒருவரால் இடக்கையால் ஸ்பூன் பிடித்து உண்ண முடியும். பலர் உண்பதில்லை. "இடது கையால் சாப்பிடக் கூடாது" என்று சிறுவயதில் முதுகில் அடிவாங்கிக் கற்ற பாடம், எழுபது வயதில் அவரைப் பட்டினி போடுகிறது. விருந்தாளிகள் வந்தால் தட்டோடு உள்ளறைக்குப் போய்விடுகிறார். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காருவதே இல்லை. இலைக்கு விளிம்பும் கிடையாது, பக்கத்தில் இருப்பவர் பார்ப்பார் என்ற கூச்சமும் உண்டு.

இதற்கு அரசாணை தேவையில்லை. வீட்டில் மூத்தவர் ஒருவர் "எந்தக் கையால் சாப்பிட்டால் என்ன, வயிறு நிறைந்தால் சரி" என்று எல்லோர் முன்னாலும் ஒருமுறை சொன்னால் போதும். இதே கண்ணோட்டத்துடன், சோறு சிந்துவதையும் கண்டும் காணாமல் விட வேண்டும். சிந்திச் சிந்தித்தான் கை பழகும்.

வீட்டிலேயே தொடங்கலாம்

சில உதவிகளை இன்றே, அதிகச் செலவின்றிச் செய்யலாம். ஏசி குழாய்களுக்குச் சுற்றும் கறுப்பு நுரைக்குழாயில் ஒரு துண்டு வாங்கி ஸ்பூனின் காம்பில் செருகினால் பிடி தடித்துவிடும்; அழுக்கானால் புதிய துண்டு போடலாம். சைக்கிள் கைப்பிடி ரப்பரும் உதவும். ஈரத் துண்டை மடித்துத் தட்டுக்கு அடியில் விரித்தால் தட்டு நகராது. தட்டுக்குப் பதிலாக நேர்ச்சுவர் உள்ள அகன்ற கிண்ணம் வைக்கலாம். தட்டை ஒரு முக்காலியின் மேல் உயர்த்தினால், கை தூக்க வேண்டிய தூரம் குறையும். முழங்கையை மேசையில் ஊன்ற இடம் கொடுத்தால் தோளின் பாரம் குறையும். சாதாரண எவர்சில்வர் ஸ்பூனின் கழுத்தைக் குறடு கொண்டு வளைத்துப் பார்த்து, வாய்க்கு வாகான கோணத்தைக் கண்டுபிடிக்கலாம்.

எதில் பழகத் தொடங்குவது என்பதும் முக்கியம். கெட்டியான தயிர் சாதமும் வெண்பொங்கலும் ஸ்பூனில் ஒட்டி நிற்கும். முதல் பயிற்சிக்கு அவையே நல்லவை. ரசம் சாதத்தை, கை பழகிய பிறகு வைத்துக்கொள்ளலாம். தோசையைக் கத்தரியால் சிறு துண்டுகளாக்கி வையுங்கள். மீனில் முள்ளை எடுத்துக் கொடுத்துவிட்டு, வாயில் போடும் வேலையை அவரிடமே விடுங்கள்.

ஓர் எச்சரிக்கை அவசியம். சாப்பிடும்போது அடிக்கடி இருமல், புரையேறுதல், சாப்பிட்ட பின் குரல் கரகரத்தல் இருந்தால் முதலில் விழுங்கும் திறனை மருத்துவரிடம் சோதிக்க வேண்டும். ஸ்ட்ரா எல்லோருக்கும் பாதுகாப்பானது அல்ல. விழுங்குவதில் சிரமம் உள்ள சிலருக்கு அது நீரை வேகமாகத் தொண்டைக்குள் செலுத்திவிடும்.

திட்டங்களில் விடுபட்ட தட்டு

உலக சுகாதார நிறுவனம் 2016-இல் முன்னுரிமை பெற வேண்டிய 50 உதவிக் கருவிகளைப் பட்டியலிட்டது. சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, மூக்குக்கண்ணாடி, ஊன்றுகோல் எல்லாம் அதில் உண்டு. உண்ணும் கருவிகளுக்குத் தனி இடம் இல்லை. உலகில் 250 கோடிக்கும் அதிகமானோருக்கு ஏதேனும் ஓர் உதவிக் கருவி தேவை என்றும், சில நாடுகளில் தேவைப்படுவோரில் 3 விழுக்காட்டினருக்கே கிடைக்கிறது என்றும் அந்நிறுவனமும் யூனிசெஃபும் 2022-இல் சொல்லின.

இந்தியாவில் உதவிக் கருவிகள் வழங்கும் 'ஏடிஐபி' திட்டம் 1981-இலிருந்து நடக்கிறது. கான்பூரில் 1972-இல் தொடங்கப்பட்ட அலிம்கோ பொதுத்துறை நிறுவனம் கருவிகளைத் தயாரிக்கிறது. அவற்றை வழங்கும் முகாம்களின் புகைப்படங்களில் நாம் காண்பவை மூன்று சக்கர வண்டிகளும் சக்கர நாற்காலிகளும்தான். அவை வேண்டியவைதான், அவற்றோடு நின்றுவிடுவதுதான் குறை. தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களுக்கென அன்றாட வாழ்வுக்கான கருவித் தொகுப்பு ஒன்றை அலிம்கோ வழங்குகிறது. அதே தேவை பக்கவாதம் வந்தவருக்கும் தண்டுவடம் பாதித்தவருக்கும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் சமூகப் பாதுகாப்பு குறித்த 24-ஆம் பிரிவும், வருமான வரம்புக்கு உட்பட்டு உதவிக் கருவிகளை இலவசமாக வழங்குவதைப் பற்றிப் பேசுகிறது. சட்டம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது, தொழிற்சாலையும் இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டு மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, பக்கவாதம் அல்லது தண்டுவடக் காயத்துக்குச் சிகிச்சை பெற்றவரை வீட்டுக்கு அனுப்பும் முன், அவர் ஒரு வேளை உணவைத் தானே உண்பதை மருத்துவமனை பார்க்க வேண்டும். என்ன தடை, எந்தக் கருவி என்பதை வெளியேற்றக் குறிப்பில் எழுத வேண்டும். அதைச் செய்யப் பயிற்சி பெற்றவர்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எனப்படும் செயல்வழிச் சிகிச்சையாளர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் அவர்களுக்குப் பணியிடம் உருவாக்க வேண்டும்.

இரண்டாவதாக, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் வீட்டுக்கே செல்கிறார்கள். அவர்களின் பையில் தடித்த பிடிகள், உள்ளங்கைப் பட்டை, தட்டு விளிம்புக் காப்பு, வழுக்காத விரிப்பு ஆகியவை இருக்கட்டும். பொருத்திக் காட்ட ஒரு குறும்பயிற்சியும் கொடுக்கட்டும்.

மூன்றாவதாக, தொழுநோயாளிகளுக்கான கருவித் தொகுப்பை, கை அசைவு குறைந்த அனைவருக்கும் விரிவாக்க மத்திய அரசை மாநில அரசு வலியுறுத்த வேண்டும். அதுவரை மாநில நிதியிலேயே வழங்கலாம்; செலவு சக்கர நாற்காலியைவிட மிகக் குறைவு.

நான்காவதாக, காலை உணவும் மதிய உணவும் வழங்கும் அரசுப் பள்ளிகளில், மூளை முடக்குவாதம் கொண்ட குழந்தைகளுக்காக உயர்விளிம்புத் தட்டும் பொருத்தமான ஸ்பூனும் வைக்க வேண்டும். மற்ற குழந்தைகளோடு ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் குழந்தை, பாடத்திலும் விளையாட்டிலும் அதே வரிசையில் தன்னைக் காணும்.

ஐந்தாவதாக, வடிவமைப்பு. நிற்க உதவும் 'அரைஸ்' சக்கர நாற்காலியை உருவாக்கிய சென்னை ஐஐடியின் ஆய்வு மையம், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, முட்டுக்காட்டில் உள்ள தேசியப் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் ஆகியவற்றில் அறிவு இருக்கிறது. திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் தலைமுறைகளாகப் பாத்திரம் வார்க்கும் கைகள் இருக்கின்றன. இவர்களை ஒரே பட்டறையில் சேர்க்க வேண்டும். கருவியைப் பயன்படுத்தப் போகிறவர்கள் முதல் நாளிலிருந்து, ஊதியத்தோடு, அந்தக் குழுவில் இருக்க வேண்டும். மூன்று தேர்வுகளில் கருவி தேற வேண்டும்: ரசம் சாதம் சிந்தக் கூடாது, தரையில் அமர்ந்தும் உண்ண முடிய வேண்டும், ஓராண்டு கம்பி நார்த் தேய்ப்பைத் தாங்க வேண்டும். வரைபடங்களை எந்தப் பட்டறையும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளியிட வேண்டும்.

ஆறாவதாக, வாங்கும் முன் கையில் எடுத்து உண்டு பார்க்க இடம் வேண்டும். சென்னைக் கடற்கரைச் சாலையில் உள்ள 'மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ்' உதவிக் கருவிகளைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பைத் தருகிறது. அந்த வசதி மாவட்டங்களின் மறுவாழ்வு மையங்களுக்கும் போக வேண்டும். முதியோர் இல்லங்கள், மருத்துவமனை உணவகங்கள், சிறைகள், கல்யாண மண்டபங்கள் ஆகியவை இத்தகைய தட்டும் ஸ்பூனும் சில செட்டுகள் வைத்திருப்பதை வழக்கமாக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. பெரும் நிதியும் தேவையில்லை. அடுத்த நிதிநிலை அறிக்கையில் ஒரு பத்தியும், சுகாதாரத் துறையும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையும் சேர்ந்து பிறப்பிக்கும் ஓர் ஆணையும் போதும். அரசு அதைச் செய்யும்வரை, உங்கள் வீட்டிலோ தெருவிலோ பிறர் ஊட்டக் காத்திருக்கும் ஒருவரிடம் இன்று கேளுங்கள்: "நீங்களே சாப்பிட என்ன செய்து தரலாம்?" அவர் சொல்லும் பதிலிலிருந்துதான் சரியான கருவி பிறக்கும்.